கருட சேவையில் அத்தனை பேருக்கும் காமாலை

படங்களுக்கு நிறம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சேர்க்கும்போது உங்களுக்கு ஒரு கண் பரிசோதனை வைத்திருப்பார்கள். சின்னச் சின்ன வண்ண வில்லைகளைக் கலைத்துப் போட்டு, நிறம் மாறும் வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். பிலிம் லேபில் சேர்ந்த நாளிலிருந்து போன வருடம் வேலையை விடும்வரை அந்தப் பரிசோதனையை எத்தனையோ முறை முடித்திருக்கிறேன். ஒரு வில்லைகூட இடம் மாறியதில்லை. சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் கோப்பு அலமாரியில் இருந்த அதே வீட்டில்தான் என் மகள் ஹரிணிக்கு மஞ்சள் காமாலை வந்து, முற்றி, ஈரல் வேலை செய்வதை நிறுத்திவிடுமோ என்று டாக்டர்கள் பயப்படும் நிலைக்குப் போனது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பழைய தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர். அதுவும் அவர் வந்தது என் மகளைப் பார்க்க அல்ல, என் வேலையைக் குறை சொல்ல.

அதைத்தான் எழுதப் போகிறேன். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு, தினமும் சென்னை ஸ்டுடியோவுக்கு ரயில் ஏறுவதை நிறுத்திவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையையே வேலை அறையாக மாற்றிக்கொண்டேன். நம் தொழிலில் சுவர் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும்; வண்ணச் சுவர் கண்ணை ஏமாற்றும். பெயின்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மனுசங்க வாழ்ற வீட்டுக்கு யாராவது இந்தக் கலர் அடிப்பாங்களா? ஒரு சுவத்துக்காச்சும் ரோஸ் அடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். மறுத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டேன். ஏமாறாமல் இருக்க எவ்வளவு ஏற்பாடு செய்திருந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அறைக்கு வந்த வேலை, எண்பதுகளில் ஓடிய ஒரு குடும்பப் படம். டிஸ்க்காகவும் ஓடிடியிலும் புதிதாக வெளியிட ஒரு கம்பெனி உரிமை வாங்கியிருந்தது. அந்தப் படத்தில் எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கருட சேவை ஒரு காட்சியாக வரும். விடியற்காலை, கோபுர வாசல், கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வேட்டிகள். நடிகர்களைத் தவிர மற்ற எல்லோரும் நிஜமாகவே சாமி பார்க்க வந்தவர்கள்.

கம்பெனி அனுப்பியது நெகட்டிவின் ஸ்கேன். இந்த இடத்தில் புதியவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். நெகட்டிவில் நிறம் இருக்கிறது, முடிவு இல்லை. எந்த ஷாட்டுக்கு எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று ஒளிப்பதிவாளரும் லேபில் நிறம் பார்க்கும் கிரேடரும் உட்கார்ந்து எடுத்த முடிவு, தியேட்டருக்குப் போன பிரிண்டில்தான் இருந்தது. நெகட்டிவிலிருந்து நேராக டிஸ்க் செய்யும்போது அதே முடிவை நாம் மறுபடி எடுக்கிறோம், அவர்களைக் கேட்காமல். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் காலமாகிவிட்டார். லேப் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடும்.

கம்பெனியின் சார்பில் என்னோடு பேசியவர் விக்னேஷ். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதை தெரிந்தவர்.

"மேடம், கொஞ்சம் வார்மா வேணும். பழைய படம்னா அந்த வைப் வரணும்ல."

"அந்தக் காலத்துலயும் இதே வெயில்தான் அடிச்சுது தம்பி."

"இருக்கலாம் மேடம். ஆனா பார்க்கிறவங்களுக்கு இது பழசுன்னு தெரியணும்ல."

நாங்கள் வாழ்ந்த காலம் மஞ்சளாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் உண்மையாகவே நம்புகிறார்கள். பழுப்பேறிய ஆல்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், பாவம். நான் மறுத்தேன். மறுத்துவிட்டுக் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். அதையும் உறுதியாக மறுத்தேன், ஏற்றினேன்.

கண்ணைப் போல ஒத்துப்போகிற உறுப்பு உடம்பில் வேறு கிடையாது. மூன்றாம் நாள் மஞ்சளாகத் தெரிந்த படம் பத்தாம் நாள் சாதாரணமாகத் தெரிந்தது. பதினைந்தாம் நாள் எனக்கே அது சற்று நீலமாகப் பட்டதால், யாரும் கேட்காமலே, நானாக இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தேன். விக்னேஷ் போன் செய்து, "சூப்பர் மேடம், இப்பதான் நீங்க செட் ஆகியிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மூன்று வாரமும் ஹரிணிக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருக்கம். பகலில் அவள் பள்ளியில், அல்லது டியூஷனில். நான் கறுப்புத் திரைக்குப் பின்னால். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது, கூடத்து மஞ்சள் பல்பின் கீழே. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலை. அந்த மாதம் மாலை ஷிப்ட்.

"டயர்டா இருக்கும்மா" என்றாள் ஹரிணி. பரீட்சை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"சோத்தைப் பார்த்தாலே கொமட்டுதும்மா." டியூஷன் வாசலில் பானிபூரி சாப்பிடாதே என்றேன்.

"யூரின் ரொம்ப மஞ்சளா போகுதும்மா." தண்ணீர் நிறையக் குடி என்றேன்.

நான் அக்கறையில்லாத தாய் இல்லை. பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் டியூஷன் வாத்தியாருக்குப் போன் போடுகிறவள். கவலைப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதில்தான் பழக்கம் போதவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், "உன் பொண்ணுக்கு நாளுக்கு நாள் கலர் ஏறிக்கினே போகுதே, இன்னா சோப்பு போடுறா?" என்று கேட்டார். சந்தோஷப்பட்டு சோப்பின் பெயரைச் சொன்னேன்.

படத்தின் டிரெய்லர் வெளியானது. இறுதிப் பிரதிக்கு நான் ஒப்புதல் கொடுக்க இரண்டு நாள் இருந்தது. கருட சேவைக் காட்சி டிரெய்லரில் இருந்ததால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் காலை ஏகாம்பரம் அண்ணன் கையில் ஒரு தகர டப்பாவோடு வாசலில் நின்றார்.

அவர் எங்கள் ஊர்த் தியேட்டர் ஒன்றில் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டர் கல்யாண மண்டபமானதும் மச்சானின் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றப் போய்விட்டார். அந்தப் படம் அவர் கையால் ஓடிய படம். கடைசி ஓட்டத்துக்குப் பிறகு வினியோகஸ்தர் பிரிண்டை எடுத்துப்போக வரவே இல்லை. ரீல்களை அவர் வீட்டுப் பரணில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்ததால் முழங்கை வரை அரக்குச் சாயம்.

மாடிக்கு வந்ததும் சுவரைப் பார்த்தார். "மழை வரப்போற மாதிரியே கீதே" என்றார். பிறகு திரையில் நின்றுகொண்டிருந்த கருட சேவையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல நிக்கிறவன்ல பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவனுங்க. அதோ தூணுகிட்ட நிக்கிறது எங்க சித்தப்பா. அத்தினி பேருக்குமா காமாலை வந்துச்சு?"

"அண்ணே, போன்ல பார்த்தா அப்படித்தான் தெரியும்."

"போனுல பாக்கல. இப்ப உன் டிவிலதான் பாத்துக்கினு இருக்கேன்."

டப்பாவைத் திறந்தார். ரீலிலிருந்து ஒரு முழம் உருவி என்னிடம் நீட்டினார். நம் தொழிலில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும், நீங்களும் இதற்குள் கற்றுக்கொண்டிருப்பீர்கள்: பிரிண்ட் மங்கியிருக்கும். அதைச் சொன்னேன். பழைய பிரிண்ட் மங்கினால் சிவந்துபோகும், வெள்ளை மேலும் வெள்ளையாகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அடுத்து, தியேட்டர் விளக்கின் நிறம் வேறு என்றேன். திரையில் பார்க்கக் கண் பழக வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ படிச்சவ, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க பட்டறையில ஒரு வழக்கம் கீது." சட்டைப் பையிலிருந்து சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு நூல் ஒரு பிடி எடுத்தார். "எந்தக் கலரா இருந்தாலும் வாசலுக்குத் தூக்கினு வந்து, பக்கத்துல வெள்ளையை வெச்சுத்தான் பாக்கணும். மஞ்சளைத் தனியா வெச்சுக்கினு நீ இன்னா கலருன்னு கேட்டா, வெள்ளைன்னுதான் சொல்லும், திருட்டுப் பய கலரு அது. அந்தத் துணியை விலக்கு."

மூன்று வாரமாக மூடியிருந்த ஜன்னல் திரையை அவரே விலக்கினார். பத்து மணி வெயில் அறைக்குள் வந்து விழுந்தது. பிலிமையும் நூலையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். நூல் வெள்ளை. பிலிமில் வேட்டிகளும் வெள்ளை. விடியற்காலையின் மெல்லிய நீலம் மடிப்புகளில் இருந்தது. திரும்பி என் திரையைப் பார்த்தேன். சாம்பாரில் நனைத்து உலர்த்திய ஒரு கூட்டம் கோபுர வாசலில் நின்றது.

அந்த நேரத்தில்தான் ஹரிணி தண்ணீர்ச் சொம்போடு உள்ளே வந்தாள். படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். வெயில் நேராக அவள் முகத்தில் பட்டது. ஏகாம்பரம் அண்ணன் சொம்பை வாங்கவில்லை.

"பாப்பா, மஞ்ச பூசிக் குளிச்சியா?"

"இல்லியே மாமா. ஏன்?"

"இப்படி வா. ஜன்னல் கிட்ட வா. மேல பாரு."

கையிலிருந்த நூலை அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவு நேரமும் அவர் குரலில் இருந்த கேலி போய்விட்டது.

"தங்கச்சி, படத்தை விடு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை உங்களிடம் மறைக்கலாம். மறைத்தால் இதை எழுதுவதில் பயனில்லை. "இருங்கண்ணே, ரொம்ப நாள் கழிச்சு வெயில்ல பார்க்கிறேன், கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும்" என்றேன். என் மகளின் கண் முட்டையின் மஞ்சள் கருவைப் போல இருந்தது. நான் என் கண் பழகுவதற்காகக் காத்திருந்தேன். பழகியதும் அது சரியாகிவிடும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

அவர் காத்திருக்கவில்லை. கீழே போய் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்.

ஊர் ஆஸ்பத்திரியில் ஹரிணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், "எத்தனை நாளா இப்படி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஹரிணி பதில் சொன்னாள்: "யூரின் மஞ்சளாகி பன்னெண்டு நாள் ஆகுது டாக்டர். அம்மாகிட்ட சொன்னேன்." புகார் சொல்லும் குரலில் இல்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?"

"சினிமாவுல, கலர் பார்க்கிற வேலை."

அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். கிருமி தண்ணீரிலிருந்தோ பானிபூரியிலிருந்தோ வந்திருக்கலாம் என்றார்கள். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் காமாலைதான். சிலருக்கு மட்டும் ஈரலைச் சாய்த்துவிடும். ஹரிணியின் இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரம் ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே போனது. அது கூடினால் ஈரல் தோற்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் எங்கள் இருவரின் இரத்த வகையையும் கேட்டார்கள். எதற்கு என்று என் கணவர் கேட்டார். "தேவைப்பட்டா ஈரல் தானத்துக்கு" என்றார்கள். அவர் அங்கேயே சட்டையின் கையை மடித்துவிட ஆரம்பித்தார், அப்போதே எடுத்துக்கொள்வார்கள் என்பது போல.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தபோதுதான் விக்னேஷின் போன் வந்தது.

"மேடம், அப்ரூவல் மட்டும் வரல. ஒரே ஒரு மெயில். ஓகேன்னு ரெண்டு எழுத்து."

"அது தப்பு தம்பி. மொத்தப் படமும் தப்பு. மஞ்சளா இருக்கு."

"மேடம், எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. மஞ்சளா இருக்குன்னு யாருமே சொல்லல."

"ஆமா. யாருமே சொல்லல" என்றேன்.

பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். அவர் உண்மையாகவே பதறிப்போனார். பாப்பாவைப் பாருங்கள் மேடம், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பார்த்துக்கொண்டார்கள். வேறு யாரோ அந்த இரண்டு எழுத்தை அனுப்பினார்கள்.

நெருக்கடியில் சரியான முடிவை எடுத்ததாக இதை நினைத்துவிடாதீர்கள். சரியான முடிவை எடுக்க வேண்டிய நாள், விக்னேஷ் முதலில் கேட்ட அந்த நாள். அன்று அறை குளுகுளுவென்று இருந்தது, நெருக்கடி எதுவும் இல்லை. நம் தொழிலில் தவறுகள் எல்லாம் அப்படிப்பட்ட நாளில்தான் நடக்கின்றன.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, என்னோடு லேபில் இருந்த ஒரு மூத்த கிரேடர் நினைவுக்கு வந்தார். ரீல் பார்க்கும் மேஜையில் எப்போதும் அவருடைய தயிர்சாத டப்பா திறந்தே இருக்கும். ஷாட்டுக்கு ஷாட் அதைக் குனிந்து பார்ப்பார். சாப்பாட்டு ராமன் என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். அதுதான் அவருடைய வெள்ளை நூல் என்று ஓய்வுபெறும்வரை அவரும் சொல்லவில்லை. நாங்கள் சிரிப்பது அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி சொல்கிறோம். அது பொய். ஹரிணியைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் அதனதன் நிறத்தில்தான் தெரிந்ததாம். மஞ்சளைப் பார்த்திருக்க வேண்டியது கூட இருந்தவர்கள்.

ஆறாம் நாள் காலைப் பரிசோதனையில் இரத்தம் உறையும் நேரம் கொஞ்சம் குறைந்தது. டாக்டர், "இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன், நாளைக்குப் பார்ப்போம்" என்றார். மறுநாளும் குறைந்தது. ஹரிணி தயிர்சாதம் கேட்டாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். என் கணவர் கேன்டீனில் அழுதிருக்கிறார். பிறகு பில் போடுகிறவர் சொன்னார்.

படத்தின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹரிணி வீட்டுக்கு வந்த பிறகு, ஏகாம்பரம் அண்ணனின் ரீல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையை விலக்கி விலக்கி, முழுப் படத்தையும் மறுபடி திருத்தி அனுப்பினேன். விக்னேஷ் நன்றி சொன்னார். அது ஏதோ ஒரு சர்வரில் இருக்கிறது. கடைகளுக்குப் போனது மஞ்சள் படம்தான். "பழைய பிலிம் பிரிண்டின் பொன்னிறத்தை அப்படியே மீட்டிருக்கிறார்கள்" என்று இணையத்தில் பாராட்டினார்கள். என் பெயரும் அதில் இருக்கிறது. ஏகாம்பரம் அண்ணன் பிலிம் துண்டைப் படமெடுத்து அந்தப் பாராட்டின் கீழே போட்டார். உங்கள் பிரிண்ட் நீலமாக மங்கிவிட்டது என்று பதில் வந்தது.

"நாலு ஷோவு நூறு நாள் ஓட்டினவன்மா நான். என் கண்ணையே இல்லன்றானுங்க" என்றார்.

"எனக்கும் நீங்க சொன்னப்ப அப்படித்தான் இருந்துச்சுண்ணே."

"உன் கதை வேற. உன்னை ஆட்டோவுல ஏத்திட்டேன். இவனுங்களை எந்த ஆட்டோவுல ஏத்துறது?"

நான் வேலையை விட்டதற்கு மனக்கஷ்டம் காரணம் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். காரணம் அவ்வளவு உயர்வானதில்லை. அதற்கடுத்து வந்த படத்தில் கதாநாயகியின் குளோசப் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். இயக்குநர் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "மேடம், புடவை பச்சையா மாறியிருக்கே, பார்க்கலியா?" என்றார். நான் புடவையைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணின் கண் வெள்ளையை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, நல்ல ஆரோக்கியம். அடுத்த படத்திலும் அப்படியே. சம்பளம் வாங்கிக்கொண்டு நடிகைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வது சரியில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

ஹரிணி இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். முழுவதும் குணமாகிவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அதை நம்புகிறேன். நம்பினாலும் தினமும் காலையில் வீடியோ போன் செய்கிறேன். போன் கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்து அனுப்பும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதனால் ஜன்னல் பக்கம் போ, விளக்கை அணை, மேலே பார், இடது பக்கம் திரும்பு என்று உத்தரவு போடுவேன். அவளுடைய அறைத் தோழிகள் எனக்கு டைரக்டரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அங்கே மழை. ஜன்னலில் வெளிச்சமே இல்லை. அவள் முகம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, கண் எந்த நிறமாகவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே தலையை நீட்டு என்றேன். நனைந்தபடி நீட்டினாள். போனைச் சாய்த்துப் பிடி என்றேன். பிடித்தாள். அப்புறம் போனை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து சொன்னாள்:

"அம்மா, அப்பவும் நான் உன்கிட்ட சொல்லிக்கினுதான் இருந்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பாக்குறதை விட்டுட்டு, எப்படி இருக்கேன்னு கேளேன்."

முப்பது வருடம் பார்க்கிற வேலை செய்தவளுக்கு அந்தக் கேள்வி வாயில் வரச் சிறிது நேரம் பிடித்தது.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். பசிக்குது. மெஸ்ல இன்னிக்குப் பொங்கல். கணக்குப் பேப்பர்ல ரொம்பக் கம்மி மார்க், அப்பாகிட்ட சொல்லிடாத. அப்புறம், ஸ்வெட்டர் ஒண்ணு வேணும்மா, இங்க குளுருது."

சொன்னாள், சொன்னாள், மெஸ் மணி அடிக்கும்வரை சொன்னாள். நான் திரையைப் பார்க்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

இருந்தாலும், வெயில் வந்ததும் ஒரே ஒரு தடவை கூப்பிடு என்று கடைசியில் சொல்லித்தான் வைத்தேன்.